தட்டுப்பாட்டுக்கு எளிமை என்று பெயர்

சில வருடங்களாகச் சேலைப் பேச்சில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. ‘அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு எளிமையாக உடுத்தினார்கள்! வேரிலும் இலையிலும் எடுத்த சாயம், கைநூல், கைத்தறி, ஊர்த் துணி ஊருக்குள்ளேயே. பிறகுதான் மில்லும் கெமிக்கலும் வந்து எல்லாவற்றையும் கெடுத்தன.’ கைவினைக் கண்காட்சிகளில் இதைச் சொல்கிறார்கள். தீபாவளிச் சிறப்பிதழ்களில் எழுதுகிறார்கள். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் சுங்குடிச் சேலையை உதறி விரிப்பவரும் இதையே மனப்பாடமாக ஒப்பிக்கிறார். விண்டேஜ் என்ற பெயரில் இது ஒரு மோஸ்தராகவும் ஆகிவிட்டது. புள்ளிச் சுங்குடி, பஃப் கை ரவிக்கை, தலைநிறைய மல்லிகை, பழைய வீட்டுத் திண்ணையில் கறுப்பு வெள்ளைப் படம்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உடுத்துகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் படத்துக்கு அடியில் எழுதப்படும் வரலாற்றோடுதான் சண்டை. எளிமை, தூய்மை, தன்னிறைவு என்று மூன்று பெருமைகளைச் சொல்கிறார்கள். மூன்றும் நடந்த கதைக்கு நேர்மாறானவை. வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். இந்தப் பொய்யை நம்பி நாம் கொடுக்கும் பணமும் மரியாதையும் போகவேண்டிய கைக்குப் போகாமல் வேறு கைக்குப் போகின்றன. அதனால் விட முடியவில்லை.

முதலில் எளிமை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் 1940களின் ஸ்டுடியோப் படங்கள். கறுப்பு வெள்ளையில் எந்தச் சேலையும் எளிமையாகத்தான் தெரியும். அரக்கும் மயில்கழுத்தும் அதில் ஒரே சாம்பல். தவிர, ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் பிடித்துக்கொள்ள அன்று யாருக்கு வசதி இருந்தது? இல்லாதவர்கள் படத்திலேயே இல்லை. அவர்கள் எதை உடுத்தினார்கள் என்பதற்கு அந்த ஆல்பம் சாட்சி சொல்லாது. அந்த வருடங்களின் துணிக் கணக்குத்தான் சொல்லும்.

1939இல் போர் தொடங்கியது. இந்திய மில்களின் துணியில் கணிசமான பங்கு காக்கிச் சீருடையாகவும் கூடாரமாகவும் ராணுவத்துக்குப் போனது. லங்காஷயர் துணியின் வரவு சுருங்கியது. ஜப்பான் துணி அடியோடு நின்றது. 1941இல் ஜப்பானியப் பட்டும் அற்றுப்போக, கொள்ளேகால், மைசூர்ப் பக்கத்துப் பட்டு பாராசூட் தைக்கப் போய்ச் சேர்ந்தது. 1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பான் கைக்கு மாறின. தென்தமிழகத்துக் கைத்தறிக்குக் கடல் கடந்து இருந்த பெரிய சந்தைகள் அவை. ஆக, தறிக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி. ஒரு பக்கம் விற்க இடமில்லை, மறுபக்கம் நெய்ய நூலில்லை. கைத்தறியின் நிலையை ஆராயப் பி.ஜே. தாமஸ் தலைமையில் அரசு அமைத்த உண்மை அறியும் குழு 1942இல் அறிக்கை தந்தது. கைத்தறி மில் நூலை நம்பித்தான் உயிர்வாழ்கிறது, அந்த நூல் நின்றால் தறியும் நிற்கும் என்ற நிலைமை அதில் பட்டவர்த்தனம்.

1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில் துணியில் உச்ச விலையையும் தயாரித்த மாதத்தையும் முத்திரை குத்த வேண்டும் என்று உத்தரவு. புதுச் சேலையை விரித்தால் முதலில் கண்ணில் படுவது சர்க்கார் மை. போரின் கடைசி வருடங்களில் துணிக்கும் பங்கீடு வந்தது. மூத்தவர்கள் இன்றைக்கும் ‘கண்ட்ரோல் காலம்’ என்று சொல்கிறார்களே, அது இந்த வருடங்கள்தான். கிடைத்த துணியை எடுத்துக்கொள்ள வேண்டும். கரை, நிறம், நயம் என்று வாய் திறந்தால் கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பிடித்ததுதான் வேண்டும் என்றால் கள்ளச்சந்தை, அங்கே விலை பல மடங்கு. வசதியற்ற வீடுகளில் உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று என்று இருந்தது போய், இரண்டு கிழிசலை மூட்டி ஒன்றாக்கிய சேலையோடு காலம் ஓடியது. அதே 1943இல் வங்கத்தில் அரிசியோடு துணியும் பஞ்சமாகி, மானத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வரமுடியாத பெண்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் மதுரைக்காரர்கள் மறக்கக் கூடாது. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கிய சொர்ணத்தம்மாளையும் லட்சுமிபாயையும் மதுரைப் போலீஸ் ஊருக்கு வெளியே கொண்டுபோய், உடுத்தியிருந்த சேலையை உருவிக்கொண்டு விட்டுவிட்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பின்னால் ஆசிட் வீச்சு வழக்கு என்று ஊரே பேசிய சம்பவம் நடந்தது. நாற்பதுகளின் மதுரைச் சேலையைப் பற்றி எழுத உட்காருபவர்கள் மல்லிகையோடும் பஃப் கையோடும் நிறுத்திக்கொண்டால், எழுதுவது விளம்பரம், வரலாறு அல்ல.

எளிமை என்றால், இருந்தும் வேண்டாம் என்று வைப்பது. இல்லாததால் இல்லாமல் இருப்பதற்குப் பெயர் தட்டுப்பாடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர் இதே மதுரையில்தான் உடையை மாற்றினார். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்கக்கூட எங்களுக்கு வக்கில்லை என்று சொன்ன ஏழைகளை நினைத்து எடுத்த முடிவு. அதைத் துக்கத்தின் அடையாளம் என்றும் சொன்னார். ஏழையின் அரையாடை அழகு என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அழகு என்று சொல்ல, நூறு வருடம் கழித்து ஏ.சி. ஹாலில் கண்காட்சி போட நாம் வரவேண்டியிருந்தது.

இந்த மயக்கம் நம்முடையது மட்டுமல்ல. ஐரோப்பாவில் போர்க்கால ஜெர்மனியின் பெண்கள் சூட்டுக்கு இன்று பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அகன்ற தோள், ஒடுங்கிய இடை, முழங்காலோடு நின்றுவிடும் நேரான பாவாடை. ‘என்ன கச்சிதம், என்ன கட்டுப்பாடு’ என்று அதன் வெட்டைப் புகழ்ந்து பழைய உடைக் கடைகளில் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கச்சிதம் எங்கிருந்து வந்தது? 1939 நவம்பரில் ஜெர்மன் அரசு துணிப் பங்கீட்டு அட்டையைக் கொடுத்தது. ஆளுக்கு 100 புள்ளி. ஒரு ஜோடி காலுறைக்கு 4 புள்ளி. பெண்கள் சூட் ஒன்றுக்கு 45. சூட் ஒன்று வாங்கினால் அட்டையில் பாதி காலி. ஆகவே பெண்கள் போர்முனைக்குப் போன கணவனின் கோட்டைப் பிரித்துத் தங்களுக்கு அளவெடுத்துத் தைத்தார்கள். பழைய இரண்டிலிருந்து புதிதாக ஒன்று தைப்பது எப்படி என்று பத்திரிகைகள் பாடம் நடத்தின. தோள் அகலம் சில சூட்டுகளில் மோஸ்தர். சிலவற்றில் அது ஆண் கோட்டின் தோள். கம்பளிக்குப் பதில் மரக்கூழில் செய்த செயற்கை இழை, தோலுக்குப் பதில் மரத்திலும் கார்க்கிலும் செய்த செருப்பின் அடிப்பகுதி. தலையில் ஒய்யாரமாகச் சுற்றிய துணிக்கும் காரணம் உண்டு. சோப்பு கிடைக்கவில்லை, கூந்தலை மறைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் தட்டுப்பாடு. அதற்குக் கீழே இருப்பது அதைவிடக் கொடியது. 1940 தொடக்கத்தில் யூதர்களுக்கு இந்த அட்டையே இல்லை என்றாக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, பெர்லினில் ஹவுஸ்ஃபோக்டைபிளாட்ஸ் என்ற சதுக்கத்தைச் சுற்றி ஆயத்த ஆடைத் தொழிலைக் கட்டியெழுப்பிய யூத நிறுவனங்களைப் பிடுங்குவதற்கென்றே அடெஃபா என்ற சங்கம் 1933இல் கிளம்பியது. வேலை முடிந்ததும், 1939இல், தன்னைக் கலைத்துக்கொண்டது. ஆஷ்விட்ஸ் முகாமில் தளபதி ருடோல்ஃப் ஹோஸின் மனைவி ஹெட்விக் ஹோஸ் தொடங்கிவைத்த தையற்கூடத்தில் கைதிப் பெண்கள் உட்கார்ந்து எஸ்.எஸ். அதிகாரிகளின் மனைவிமார்களுக்கு நாகரிக உடை தைத்தார்கள். தையல் தெரிந்திருந்ததால் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். ‘போர்க்கால ஜெர்மன் மோஸ்தரின் நேர்த்தி’ என்று வாய் நிறையப் பேசும்போது, ஊசி பிடித்த கை யாருடையது என்று கேட்காவிட்டால் அந்த ரசனை கண் இருந்தும் குருடு.

மதுரைத் தறியையும் அந்த முகாமையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அது அபத்தம். பார்க்கும் முறை ஒன்றாக இருக்கிறது என்பதுதான் என் வாதம். துணியைப் பார்ப்பார்கள், தட்டுப்பாட்டைப் பார்க்கமாட்டார்கள். வெட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்து தூய்மை. இதற்கும் ஜெர்மனியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாரிஸ் மோஸ்தர் வேண்டாம், உதட்டுச் சாயம் வேண்டாம், கலப்பில்லாத கிராமத்து டிர்ண்டல் உடைதான் ஜெர்மன் பெண்ணுக்கு அழகு என்று நாஜிகள் பிரசாரம் செய்தார்கள். அந்த டிர்ண்டலை மலைக் கிராமத்திலிருந்து எடுத்து நகரத்துப் பெண்கள் விரும்பும் மோஸ்தராக்கியதில் பெரும்பங்கு மியூனிக்கில் கடை வைத்திருந்த வாலாக் சகோதரர்களுக்கு. அவர்கள் யூதர்கள். 1938இல் அவர்கள் கடையையும் பிடுங்கினார்கள். தூய மரபு என்று மேடையேற்றப்பட்ட உடையை உருவாக்கியவர்களே அந்தத் தூய்மையின் பெயரால் விரட்டப்பட்டார்கள். உடையில் தூய்மை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எச்சரிக்கை உணர்வு எழுவது இதனால்தான்.

நம் சுங்குடிக்கு வருவோம். ‘தலைமுறை தலைமுறையாக இயற்கைச் சாயம்’ என்கிறார்கள். மதுரைச் சிவப்புக்கு ஒரு காலத்தில் சாயவேர் உண்மைதான். ராமேஸ்வரம் தீவின் மணலில் தோண்டிய வேருக்கு நல்ல பெயர் இருந்தது. எண்ணெயும் உவர்நீரும் ஊட்டி, படிகாரத்தில் தோய்த்து, காயவைத்து, மறுபடி தோய்த்து, ஒரு சிவப்பை ஏற்ற நாளும் பொழுதும் போகும். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் மதுரைச் சாயக்காரர்கள் அலிசரினுக்கு மாறிவிட்டார்கள். அதாவது, இன்றைக்கு உயிரோடிருக்கும் எந்தப் பாட்டியும், அந்தப் பாட்டியின் அம்மாவும் உடுத்திய அரக்குச் சுங்குடியில் இருந்தது பெரும்பாலும் டப்பாவிலிருந்து வந்த செயற்கைச் சிவப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாயவேருக்குச் சிவப்பைத் தருவதும் அலிசரின் என்ற அதே பொருள்தான். வேருக்குள் இருந்ததை ஜெர்மன்காரர் நிலக்கரித் தாரிலிருந்து செய்தார். அவுரி நீலமும் அப்படியே. துணியில் ஏறிய பிறகு அது வேர் கொடுத்ததா டப்பா கொடுத்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த ரசிகராலும் ஆகாது. தூய்மை பேசுகிறவர்கள் பூஜிக்கும் நிறமும் அவர்கள் சபிக்கும் நிறமும் வேதியியலில் ஒன்று.

இந்தச் சார்பு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை முதல் உலகப் போர் வெளிச்சம் போட்டுக் காட்டியது. போருக்கு முன் உலகச் செயற்கைச் சாயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜெர்மனியின் உற்பத்தி. 1914இல் கப்பல் நின்றது. அந்த வருடம் இதே செப்டம்பர் 22ஆம் தேதி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது நமக்கு நினைவிருக்கிறது. ‘எம்டன்’ என்று ஆளைச் சொல்லும் வழக்கம்கூடத் தமிழில் தங்கிவிட்டது. ஜெர்மன் சாயம் நின்றுபோனது மட்டும் யாருக்கும் நினைவில்லை. கையிருப்புச் சாயத்தின் விலை எகிறியது. அழிந்துகொண்டிருந்த அவுரிப் பயிருக்குச் சில வருடம் உயிர் வந்தது. தூய்மைக் கதை உண்மையாக இருந்திருந்தால் சாயக்காரர்கள் ‘நல்லதாகப் போயிற்று, மரபுக்குத் திரும்புவோம்’ என்று வேரைத் தேடிப் போய் அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். போர் முடிந்ததும் அவுரி மறுபடி படுத்தது. சாயப்பட்டறை மறுபடி டப்பாவைத் திறந்தது. பிழைப்புத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. அவர்களை மரபு தெரியாதவர்கள் என்று சொல்ல நாம் யார்?

நம் கண்ணில் பதிந்திருக்கும் ‘மரபான சேலைக்கட்டு’ என்ற சித்திரமும் கலப்பில்லாதது அல்ல. பூஜையறையில் லட்சுமியும் சரஸ்வதியும் உடுத்தி நிற்கும் விதத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை ரவிவர்மா படங்கள். அவற்றை அச்சடித்த அச்சகம் 1894இல் ஜெர்மன் இயந்திரங்களோடும் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களோடும் தொடங்கியது. 1903இல் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கே அதை ரவிவர்மா விற்றுவிட்டார். ஜெர்மன் சாயக் கம்பெனிகள் இந்தியச் சந்தைக்கு அனுப்பிய டப்பாக்களில் நம் தெய்வங்களின் படத்தை ஒட்டித்தான் அனுப்பின. சாமி படத்தைப் பார்த்துச் சாயம் வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்நியக் கலப்பே இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று பேசுகிறோம்.

மூன்றாவது, தன்னிறைவு. ஊர்ப் பருத்தி, ஊர் நூல், ஊர்த் தறி. 1892இல் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் நூற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மதுரைத் தறியில் ஏறிய பாவுக்கும் ஊடைக்கும் மில் நூல்தான் ஆதாரம். பெயர் மதுரா மில்ஸ், முதலாளிகள் ஸ்காட்லாந்துக்காரர்கள். சுற்றுவட்டாரத்துக் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த பருத்தியில் பேர்போனது கம்போடியாப் பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தோசீனத்திலிருந்து வந்த வித்து. கரையில் ஓடும் சரிகைக்குச் சூரத்து. இந்தப் பக்கம் சின்னாளபட்டி, 1985வரை மதுரை மாவட்டத்திலேயே இருந்த ஊர், பேர் வாங்கியதே செயற்கைப் பட்டுச் சேலையால்தான். பட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்குப் பட்டின் பளபளப்பைக் கொடுத்த சேலை அது. இழை ஆலையில் செய்தது என்பதற்காக அந்தப் பெண்ணின் கல்யாணச் சந்தோஷம் கலப்படமாகிவிடுமா?

சுங்குடியில் முடிச்சுக் கட்டியவர்கள் யார் என்று பாருங்கள். சௌராஷ்டிரர்கள். குஜராத்திலிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் மகாலைச் சுற்றிக் குடியமர்ந்தவர்கள். வீட்டுக்குள் இன்றும் தங்கள் மொழியைப் பேசுகிறவர்கள். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் வித்தைக்கு மேற்கிந்தியாவின் பாந்தினி நெருங்கிய சொந்தம். 2005இல் ‘மதுரைச் சுங்குடி’ புவிசார் குறியீடு பெற்றது. நியாயம்தான்; முந்நூறு வருடத்துக்கு மேல் இந்த ஊரில் வேரூன்றியது இந்த ஊருடையதுதான். ஆனால் மண்ணின் கலை என்று மார்தட்டும்போது, வந்தவர்கள் கொண்டுவந்த வித்தை, ஸ்காட்லாந்துக்காரர் மில் நூல், ஜெர்மன் சாயம், சூரத்துச் சரிகை எல்லாம் சேர்ந்து மதுரையில் கூடிய சரக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை குறையாது, கூடும். ஒரு சந்தை நகரத்தின் சாமர்த்தியம் அது. தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு மூடிய கதவு பொருத்தமில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? மெழுகு அச்சில் புள்ளி வைத்ததும், திரை அச்சில் அடித்ததும், கையால் முடிச்சுப் போட்டதும் சமமா?’ சமமில்லை. என் வாதத்தின் மையமே இதுதான். வித்தியாசம் சாயத்தில் இல்லை, நூலில் இல்லை, காலத்தில் இல்லை. முடிச்சில் இருக்கிறது.

ஒரு கட்டுச் சுங்குடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். துணியை மடித்துக் கட்டம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் நகநுனியால் துளித் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி, அறுக்காமல் அடுத்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. முடிச்சின் நுனியில் மட்டும் சாயம் பட்டிருப்பதால் புள்ளிக்கு நடுவே சின்னதாக ஒரு கறை இருக்கும். எந்த இரண்டு புள்ளியும் அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. துணியில் ஒரு சுருக்கம் மிச்சமிருக்கும். விரலால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அச்சுச் சுங்குடியில் புள்ளி சரி வட்டம், துணி வழுவழுப்பு. தெரிந்தவர்களுக்குப் பார்த்ததும் பிடிபடும்.

இந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவே, வெளிச்சம் இருக்கும் வாசலில் உட்கார்ந்து, நாள்கணக்கில் கட்டியவர்கள். கூலி நாளுக்கல்ல, உருப்படிக்கு. தறி நெய்தவருக்குச் சங்கம் இருந்தது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருந்தது. சாயப்பட்டறைக்கு முதலாளி இருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. முடிச்சுப் போட்டவருக்கு மட்டும் பெயரே இல்லை. கூலி கட்டுப்படியாகாமல் இந்த வேலையை மகள்கள் விட்டார்கள். கடைகள் அச்சுக்கு மாறின. இன்று சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் திரை அச்சும்தான்.

இந்தச் சரிவுக்கு மில்லையும் கெமிக்கலையும் குற்றம் சொல்வது வசதியான தப்பித்தல். மில் நூலும் ஜெர்மன் சாயமும் வந்த பிறகுதான் கட்டுச் சுங்குடி பல தலைமுறை கண்டது. அதை வீழ்த்தியது கெமிக்கல் அல்ல, கூலி. ஒரு கண்காட்சியில் ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டு ஒட்டியிருந்தால் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர், அதே மேசையில் ‘கையால் கட்டியது’ என்றால் ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று பேரம் பேசுகிறார். தூய்மைக்குப் பணம் இருக்கிறது, விரலுக்கு இல்லை. இந்த மோஸ்தர் நமக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு இது. அதனால்தான் இதைப் பொய்க்கணக்கு என்கிறேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது இதைவிடக் கனமானது. ‘சாயக் கழிவு வைகையைக் கெடுக்கவில்லையா? தண்ணீரைக் கெடுக்கும் சாயத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?’ இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது குற்றம். அதற்கு மரபும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. ஆனால் அதற்கான வழி பாட்டி காலம் அல்ல, சட்டமும் சுத்திகரிப்பு நிலையமும். புற்றுநோய் அபாயம் உள்ள அசோ சாயங்களை 1994இல் முதலில் தடுத்தது, அந்தச் சாயங்களின் தாய்நாடான ஜெர்மனியேதான். ஏற்றுமதித் துணி திரும்பி வரத் தொடங்கியதும் இந்தியாவும் 1997இல் தடை போட்டது. எந்தச் சாயம் ஆகாது என்பதைச் சோதனைக்கூடம் சொல்லிற்று. சாயக்காரர்கள் மாற்றுச் சாயத்துக்குப் போனார்கள். எல்லாரும் வேருக்குத் திரும்பினால் தீரும் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தமிழ்நாடு முழுக்க உடுத்தும் துணிக்குச் சாயவேர் தோண்ட எத்தனை தீவு வேண்டும், அந்தத் துணியை யார் வாங்க முடியும்? நிறத்தைப் பணக்காரர்களுக்கு மட்டுமானதாக ஆக்குவதில் முடியும் அந்த யோசனை. கூலிக்காரப் பெண்ணும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் உடுத்த முடிந்தது செயற்கைச் சாயம் மலிவாக வந்த பிறகுதான். அந்த நிறங்களை ‘கண்ணைப் பறிக்கிறது’ என்று முகம் சுளிப்பதிலும், வெளுத்த மண்நிறத்தை ‘ரசனை’ என்று மெச்சுவதிலும் கொஞ்சம் வர்க்கத் திமிர் ஒளிந்திருக்கிறது.

பழைய சேலையை உடுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக உடுத்துங்கள், படம் பிடித்துக்கொள்ளுங்கள், பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அதை எளிமைக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். அந்தப் பாட்டிக்கு இன்னும் இரண்டு சேலை வாங்க வழியிருந்திருந்தால் வாங்கியிருப்பார், அதுவும் பளிச்சென்ற நிறத்தில். தூய்மைக்கு உதாரணமாகவும் காட்டாதீர்கள். அவர் உடுத்திய சிவப்பு கடல் கடந்து வந்தது, அவர் அதை ஆசையோடு உடுத்தினார்.

கடைக்காரர்களுக்கும் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த இலையில் சாயம் எடுத்தீர்கள் என்று சீட்டில் பத்து வரி எழுதுகிறீர்கள். கட்டா அச்சா, கட்டு என்றால் கட்டியவர் யார், எத்தனை நாள் ஆயிற்று, அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்று நான்கு விவரம் எழுதுங்கள். புவிசார் குறியீட்டு முத்திரைக்குப் பக்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. அச்சுச் சேலையை அச்சு என்று சொல்லி அச்சு விலைக்கு விற்பதில் எந்த வெட்கமும் இல்லை. சுங்குடி என்று சொல்லி விற்பதில்தான் இருக்கிறது. வாங்குகிறவர்களும் ‘இது இயற்கைச் சாயமா?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்துவிட்டு, ‘இதைக் கட்டியவருக்கு என்ன கொடுத்தீர்கள்?’ என்று கேட்டுப் பழகலாம். கடைக்காரர் பதில் சொல்லத் திணறினால், அவர் அவிழ்த்துவிட்ட மரபுக் கதைக்கு என்ன மதிப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.